ஃபிகோ டீசலுக்கு வீட்டு வாசலில் டைமிங் பெல்ட் மாற்றுவது

சென்னைத் தெருக்களில் இன்னும் எக்கச்சக்கமான பழைய ஃபிகோ டீசல் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மறைமலை நகரில் செய்த வண்டி, 2010-இல் வந்தது, 1.4 லிட்டர் டி.டி.சி.ஐ. (ஃபோர்டு தன் டீசலுக்கு வைத்த பெயர்) இன்ஜின், 69 குதிரைத்திறன். ஃபோர்டு இங்கே வண்டி செய்வதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்த பிறகும் அதை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், கையில் இருக்கும் பணத்துக்கு நல்ல டீசல் வண்டியாக இருக்கட்டும் என்று செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். என்னுடையது 2012 மாடல். நான் பேசிப் பார்த்தவரை, இந்த வண்டி வைத்திருப்பவர்களில் நிறையப் பேருக்கு இன்ஜினுக்குள் ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது என்பதே தெரிவதில்லை. ஆயில் மாற்றுகிறார்கள், டீசல் ஃபில்டர் மாற்றுகிறார்கள், டயருக்கு அலைன்மென்ட் பார்க்கிறார்கள். பெல்ட்டைப் பற்றிக் கேட்டால் ஆல்டர்னேட்டருக்கு ஓடுகிற ஃபேன் பெல்ட்டைக் காட்டுகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

டைமிங் பெல்ட் என்பது அது இல்லை. வெளியே கண்ணுக்குத் தெரிகிற ஃபேன் பெல்ட் அறுந்தால் பேட்டரி விளக்கு எரியும், வண்டியை ஓரம் கட்டலாம், வேறு பெல்ட் போடலாம். டைமிங் பெல்ட் இன்ஜினின் பக்கவாட்டில், டிரைவர் பக்கம், பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது. கீழே பிஸ்டன்கள் சுற்ற வைக்கும் கிராங்க் தண்டு, மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு, நடுவில் டீசலை அழுத்தும் ஹை பிரஷர் பம்ப், கூலன்ட்டைச் சுற்ற வைக்கும் வாட்டர் பம்ப், எல்லாவற்றையும் ஒரே பல் பெல்ட்தான் இணைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தக் கணக்கு ஒரு பல் கூடப் பிசகாமல் நடந்தால்தான் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வுகள் அதன் வழியில் நிற்காது.

டீசலில் அழுத்த விகிதம் அதிகம், இந்த இன்ஜினில் ஏறத்தாழ 18-க்கு 1. பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டோடு நின்றுவிடும். அவ்வளவு அழுத்த வேண்டுமென்றால் பிஸ்டன், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு மிக அருகில் வந்து போக வேண்டும், நடுவில் இடமே இருக்காது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் கேம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், கிராங்க் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வை மேலே வருகிற பிஸ்டன் வந்து அடிக்கும். வால்வு வளையும், அதைத் தள்ளும் ராக்கர் உடையும், சில சமயம் பிஸ்டனிலும் தழும்பு விழும். அப்புறம் ஹெட் இறக்காமல் வேலை முடியாது. அந்தச் செலவில் இந்த வயது வண்டியை ஓரங்கட்டிவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்துவிடும். நல்ல வண்டிகள் அப்படித்தான் புதுப்பேட்டைக்குப் போய்ப் பாகம் பாகமாகப் பிரிகின்றன, பார்க்கவே மனசு கேட்காது.

எல்லா டீசலுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்விஃப்ட்டில் வந்த ஃபியட்டின் 1.3 டீசலில் பெல்ட் கிடையாது, செயின்தான். டஸ்டரின் 1.5 டீசலில் பெல்ட். போலோ, வென்டோவின் 1.6 டி.டி.ஐ.-யில் பெல்ட். ஈகோஸ்போர்ட்டின் 1.5 டி.டி.சி.ஐ.-யிலும் பெல்ட்தான். உங்கள் வண்டியில் எது என்று தெரியாவிட்டால் மேனுவலில் சர்வீஸ் அட்டவணையைப் பாருங்கள், பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை வருடம் என்று போட்டிருக்கும். இதில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு வருடத்தை விட்டுவிடுவதுதான் நம் ஊரில் நடக்கிறது.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். செயின் தேய்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் கொடுக்கும். பெல்ட் எதுவும் சொல்லாது. அதன் உள்ளே ஓடுவது கண்ணாடி இழைக் கயிறுகள், அதைச் சுற்றித்தான் ரப்பர். ரப்பர் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே இழைகள் சோர்ந்திருக்கலாம். கவரைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. விரிசல் தெரிந்தால் கட்டாயம் மாற்ற வேண்டும், தெரியாவிட்டால் நல்ல பெல்ட் என்று முடிவு கட்ட முடியாது.

அதிலும் சென்னையில் ஓடுகிற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு முழு உண்மையைச் சொல்லாது. ஓ.எம்.ஆரில் மாலை நேரத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும், மீட்டர் நகராது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 48,000 சுற்று. பெல்ட்டுக்கு அது உழைப்புத்தான், மீட்டருக்குத்தான் பூஜ்யம். மேலே மே மாத வெயில், பானெட்டுக்குள் இருக்கும் வெக்கை, ஏ.சி. ஓயாமல் ஓடுவது. ரப்பருக்கு வயதாக வேறென்ன வேண்டும்?

இன்னொன்று வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் மடிப்பாக்கம், வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் வண்டிகள் தண்ணீரில் நின்றதைப் பார்த்தோம். டைமிங் கவர் தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் கவருக்குள்ளும் சேறு போயிருக்கும். பெல்ட்டின் பல்லுக்கும் பல் சக்கரத்துக்கும் நடுவில் அந்தப் பொடி மண் உட்கார்ந்து அரைக்கும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் கிரீஸும் கெடும். வெள்ளத்தில் நின்ற வண்டியை வாங்கியவர்கள் சீட் நாற்றத்தைத்தான் பார்க்கிறார்கள், நான் முதலில் இந்தக் கவரைத்தான் கழற்றச் சொல்வேன்.

சரி, ஏன் வீட்டிலேயே? நான் விசாரித்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெல்ட் மட்டும் மாற்றினால் போதும், டென்ஷனர் சத்தம் போடவில்லையே என்றார்கள். பல் சக்கரங்களை அசையாமல் பூட்டும் லாக் பின் இருக்கிறதா என்று கேட்டேன். ஒயிட்னரில் மார்க் போட்டு அப்படியே மாற்றிவிடுவோம், வருடக்கணக்காக அப்படித்தான் செய்கிறோம் என்றார்கள். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. பெல்ட் அறுந்து இன்ஜின் போவதைப் போலவே டென்ஷனர் பேரிங் சிக்கி பெல்ட் கழன்று இன்ஜின் போவதும் நடக்கிறது. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுகிறது. பழைய பம்ப் ஆறு மாதத்தில் கசிந்தால் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், அந்தக் கூலன்ட் பெல்ட் மேல் வடிந்தால் புது பெல்ட்டும் வீண். பெல்ட், டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப் நான்கையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும் என்பதில் நான் யாரோடும் சமரசம் செய்யமாட்டேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது எங்கள் பக்கத்தில் ரொம்ப நாளாக டீசல் வண்டிகள் பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணன். இண்டிகா டாக்ஸிகள் வரிசை கட்டிய காலத்தில் பெல்ட் மாற்றி மாற்றிக் கை பழகியவர். அவரிடம் போய், “அண்ணே, நானே மாத்தலாம்னு இருக்கேன், முடியுமா?” என்றேன். அவர் யோசிக்காமல் சொன்னார்: “முடியும் தம்பி. பெல்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி மூணையும் பூட்டு. பூட்டாம டென்ஷனர் நட்டைத் தளத்தாதே. பூட்டிட்டா அந்த இன்ஜினை ஒண்ணும் பண்ண முடியாது.” மூன்று என்றது கிராங்க், கேம், பம்ப்.

இந்த வேலையின் கருவே அதுதான். கேம் பல் சக்கரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது ஹெட்டில் உள்ள இன்னொரு ஓட்டைக்கு நேராக வரும்போது 8 மி.மீ. பின்னை உள்ளே விடலாம். ஹை பிரஷர் பம்ப்பின் சக்கரத்துக்கு 5 மி.மீ. பின், கிராங்கின் சக்கரத்துக்கும் அதேபோல ஒன்று. மூன்று பின்னும் ஒரே நேரத்தில் உள்ளே போனால் இன்ஜின் சரியான நிலையில் இருக்கிறது என்று பொருள். லாக்கிங் செட் என்று பெட்டியாகவே கிடைக்கிறது, அதை வாங்கிவிடுவதுதான் நல்லது. சிலர் சரியான அளவு டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதியைப் பின்னாகப் பயன்படுத்துகிறார்கள், அளவு பொருந்தினால் அதுவும் வேலை செய்யும். பெயின்ட் மார்க் மட்டும் போதாது. பழைய பெல்ட் ஏற்கெனவே ஒரு பல் தள்ளி ஓடிக்கொண்டிருந்தால், மார்க் போட்டு மாற்றுகிறவர் அந்தத் தவறையும் சேர்த்தே புது பெல்ட்டுக்கு மாற்றுவார்.

பம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய டீசல்களில் எப்போது டீசல் பீய்ச்ச வேண்டும் என்பதைப் பம்ப்பே தீர்மானித்தது, அது ஒரு பல் மாறினாலும் புகையும் தட்டலும் வரும். ஃபிகோவில் இருப்பது போன்ற காமன் ரெயில் டீசலில் பம்ப் அழுத்தத்தை மட்டும் உண்டாக்குகிறது, எப்போது பீய்ச்சுவது என்பதை இ.சி.எம். என்கிற இன்ஜின் கணினி பார்த்துக்கொள்கிறது. அதனால் பம்ப் பின் அவ்வளவு முக்கியமில்லை என்று சிலர் சொல்வார்கள். கம்பெனி அந்த ஓட்டையைப் போட்டுத்தான் வைத்திருக்கிறது, பின்னைப் போட்டுவிடுங்கள். ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் கொடுக்கிற பம்ப் அது, அந்தச் சுமை முழுவதும் இந்தப் பெல்ட்டின் மேல்தான் விழுகிறது.

சாமான் வாங்க ஜி.பி. ரோடு போனேன். ராயப்பேட்டை பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், கார் சாமான் என்று ஒன்று இருந்தால் அது அந்தத் தெருவில் எங்கேயாவது இருக்கும். கடைக்காரரிடம் இன்ஜின் நம்பரையும் வண்டி வருடத்தையும் சொன்னேன். “சார், செட்டாவே இருக்கு, பெல்ட் மட்டும் தனியாவும் தர்றேன்” என்றார். செட்டை வாங்குங்கள், பில் போட்டு வாங்குங்கள். பெட்டியைப் பிரித்து பெல்ட்டின் அகலத்தையும் அதன் முதுகில் அச்சடித்திருக்கும் எண்ணையும் அங்கேயே சரிபாருங்கள். டென்ஷனர் பேரிங்கைக் கையில் வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், கொஞ்சம் இறுக்கமாக, சத்தமில்லாமல் கிரீஸ் நிறைந்த மாதிரி சுற்ற வேண்டும். விட்டால் விர்ரென்று காற்றாடி மாதிரி சுற்றினால் உள்ளே கிரீஸ் குறைவு, எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். பெல்ட்டை மடக்கியோ முறுக்கியோ கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள், உள்ளே இழை உடைந்துவிடும். புதுப்பேட்டையில் கதவு, விளக்கு, சீட் எல்லாம் வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன். பெல்ட்டும் பேரிங்கும் பழையது வாங்கவே கூடாது.

இதோடு கிராங்க் புல்லிக்குப் புது போல்ட், கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர். கருவிகளில் சாக்கெட் செட், ஆலன் கீ, நீளமான பிடி, இரண்டு ஜாக்கி, ஸ்டாண்டுகள், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். ‘கையில் தெரியும்’ என்பது இங்கே செல்லாது. இந்த இன்ஜினுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலும் பக்கத்தில் இருக்க வேண்டும். டார்க் அளவுகளை நான் இங்கே எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். இன்ஜின் ரகத்துக்கு ரகம் அவை மாறும், உங்கள் இன்ஜினுக்கு உரியதை அதிலிருந்து எடுப்பதுதான் பத்திரம்.

வேலை தொடங்குவதற்கு முந்தின ராத்திரியே வண்டியைப் போர்ட்டிகோவில் சமதரையில் நிறுத்திவிட்டேன், காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஸ்டில்ட் பார்க்கிங்கில் செய்வதானால் அசோசியேஷனில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பாதியில் வண்டியை நகர்த்தச் சொன்னால் நகர்த்த முடியாது. வண்டியை ஒருபோதும் ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள், ஸ்டாண்ட் போட்ட பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். பேட்டரியின் நெகடிவ் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

துணைக்கு என் மச்சான் வந்திருந்தான். ஒருவர் கூட இருப்பது அவசியம், காரணம் அடுத்து வருகிறது. டிரைவர் பக்க முன் சக்கரம், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர், ஃபேன் பெல்ட் எல்லாம் கழன்ற பிறகு கிராங்க் போல்ட் எதிரே வந்து நிற்கும். இந்த வேலையின் முதல் சண்டை இதோடுதான். வண்டியை ஐந்தாம் கியரில் போட்டு, மச்சானைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். சக்கரம் கழற்றிய பக்கத்தில் டிஸ்க் ஆடாமல் இருக்க இரண்டு வீல் நட்டைப் போட்டு இறுக்கிக்கொண்டேன். நீளமான பிடியை மாட்டி மெதுவாக எடை கொடுத்தால் ஒரு கட்டத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “மாமா, உடைஞ்சுதா?” என்று உள்ளிருந்து குரல். போல்ட் இளகிய சத்தம் அது. இதைச் செய்யும்போது லாக் பின் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. பின்கள் நிலையைக் காட்டத்தான் இருக்கின்றன, இந்த விசையைத் தாங்காது, உடைந்தால் ஹெட்டிலேயே சிக்கிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒரு தட்டு தட்டி போல்ட்டை இளக்கும் வித்தையையும் சிலர் செய்வார்கள், பிடி தெறித்து வந்து கையை உடைத்தவர்கள் உண்டு, வேண்டவே வேண்டாம்.

அடுத்து இன்ஜின் மவுண்டிங். டைமிங் பக்கம் இன்ஜின் தொங்குவதே அந்த மவுண்டிங்கில்தான், அதைக் கழற்றாமல் கவர் வராது. ஆயில் நிற்கும் சம்ப்புக்கு அடியில் ஒரு மரப்பலகை வைத்து, இரண்டாவது ஜாக்கியால் இன்ஜினைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மவுண்டிங் போல்ட்டைத் தொட வேண்டும். தூக்கவும் கூடாது, தொங்கவும் விடக் கூடாது, எடை ஜாக்கிக்கு மாறினால் போதும். கழற்றிய மவுண்டிங்கின் ரப்பரைப் பார்த்துவிடுங்கள். என்னுடையதில் ரப்பர் பிளந்திருந்தது, ஐட்லிங்கில் ஸ்டியரிங் அதிர்ந்ததற்கு அதுவும் காரணம்.

கவர் கழன்றதும் அடியில் கறுப்பாக மாவு மாதிரி படிந்திருந்தது, பெல்ட் தேய்ந்து உதிர்ந்த ரப்பர். பெல்ட்டின் முதுகில் விரிசல் ஒன்றுமில்லை. ஓரத்தில் மட்டும் ஒரு பக்கமாக நூல் நூலாகப் பிரிந்து வந்திருந்தது. வெளியே தெரியாத பக்கம் அது, இன்ஜினை ஒட்டியிருக்கும் பக்கம். மேல் கவரை மட்டும் திறந்து டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் நல்ல பெல்ட் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஓரம் இப்படிப் பிரிந்தால் பெல்ட் நேராக ஓடவில்லை, டென்ஷனரோ ஐட்லரோ சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய டென்ஷனரைக் கழற்றி ஆட்டிப் பார்த்தால் பேரிங் லேசாக லொடலொடத்தது. சத்தம் போடவில்லையே என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்ன அதே டென்ஷனர்.

கிராங்க் போல்ட்டைத் திரும்பப் போட்டு, ஸ்பேனரால் இன்ஜினை அது ஓடும் திசையிலேயே மெதுவாகச் சுற்றிக் கேம் ஓட்டையை நேராகக் கொண்டுவர வேண்டும். பின்பக்கமாகச் சுற்றக் கூடாது, ஓட்டையைத் தாண்டிவிட்டால் மறுபடி முழுச் சுற்று வாருங்கள். பின் உள்ளே போகிற அந்தத் தருணம் கைக்கு நன்றாகத் தெரியும். விளிம்பில் தட்டித் தட்டி நிற்கும், கிராங்கை ஒரு மயிரிழை நகர்த்தினால் வழுக்கிக்கொண்டு அடிவரை போகும். சுத்தியலால் தட்டி உள்ளே ஏற்ற வேண்டியிருந்தால் நிலை சரியில்லை என்று பொருள். கிராங்க் சென்சார் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் ஸ்பேனர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று பின்னும் போட்டாயிற்று என்றால் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்துவிடலாம். பெல்ட் இல்லாதபோது கிராங்கையோ கேமையோ யாரும் சுற்றக் கூடாது, பெல்ட் அறுந்ததற்குச் சமம் அது. இந்த நேரத்தில் கேம் சீலிலும் கிராங்க் சீலிலும் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் இப்போதே சீலை மாற்றுங்கள், ஆயில் பட்ட பெல்ட் ஊறிப்போய் பல் உதிர்ந்துவிடும்.

வாட்டர் பம்ப்பைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் கூலன்ட் கொட்டும். அதைத் தட்டில் பிடித்து மூடி வையுங்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், தெருநாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும். தரையில் சிந்தியதையும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். புது பம்ப் உட்காரும் இடத்தில் பழைய கேஸ்கெட் துணுக்கு ஒட்டியிருந்தால் உலோகம் கீறாமல் சுரண்டி எடுங்கள்.

புது பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது இன்ஜின் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். கையில் ஆயில் இல்லாமல் துடைத்துக்கொண்டு, கிராங்கில் தொடங்கி, ஐட்லர் பக்கம் தொய்வே இல்லாமல் இழுத்துப் பிடித்தபடி கேமுக்கு ஏற்றி, அங்கிருந்து பம்ப்புகள் வழியாக இறக்க வேண்டும். தொய்வு மொத்தமும் டென்ஷனர் இருக்கும் பக்கம் வந்து சேர வேண்டும். புது பெல்ட் விறைப்பாக இருக்கும், கடைசிப் பல் சக்கரத்தில் ஏற அடம் பிடிக்கும். ஸ்குரூடிரைவர் வைத்து நெம்பத் தோன்றும், நெம்பாதீர்கள், கட்டை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் ஏறிவிடும்.

டென்ஷனரில் ஆலன் கீ போட்டுத் திருப்பினால் ஒரு முள் நகரும், அது குறியோடு நேராக வரும்போது நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இறுக்கும்போது முள் கொஞ்சம் நகரப் பார்க்கும், ஆலன் கீயை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கம் அதிகமானால் வாட்டர் பம்ப் பேரிங் சீக்கிரம் போகும், குறைந்தால் பெல்ட் பல் தாண்டும்.

இப்போதுதான் ரொம்ப முக்கியமான இடம். பின்களை எல்லாம் எடுத்துவிட்டுக் கையாலேயே கிராங்கைச் சுற்ற வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும், ஆக இரண்டு முழுச் சுற்று என்பது குறைந்தபட்சம். மேனுவல் அதற்கு மேல் சொன்னால் அத்தனையும் சுற்றுங்கள். சுற்றும்போது இரண்டு விதமான தடை வரும். ஒன்று கம்ப்ரெஷன். கையை எதிர்த்து அழுத்தும், அப்படியே எடை கொடுத்துக் காத்திருந்தால் உஸ்ஸென்று காற்று இறங்கி வழிவிடும். இன்னொன்று இரும்பில் இரும்பு பட்டு நிற்பது. அது வழிவிடாது, கல்லில் மோதின மாதிரி சட்டென்று நிற்கும். அப்படி நின்றால் ஒரு இழை கூடத் தள்ளாதீர்கள், பல் மாறியிருக்கிறது, பெல்ட்டை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். கையால் சுற்றும்போது மோதினால் பெரும்பாலும் வால்வுக்கு ஒன்றும் ஆகாது, ஸ்டார்ட்டர் சுற்றி மோதினால் வளைய வாய்ப்பு அதிகம். சுற்றி முடித்ததும் மூன்று பின்களும் மறுபடி வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், டென்ஷனர் முள்ளும் குறியில் நிற்க வேண்டும். இந்த இரண்டையும் கண்ணால் பார்க்காமல் கவரை மூடாதீர்கள். மச்சானுக்குப் பசி, “மாமா, சரியாத்தான் இருக்கு, மூடிடலாம்” என்று அவசரப்படுத்தினான். அவனையே கூப்பிட்டுப் பின்னைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவன் கைக்கும் உள்ளே போனது, அப்புறம்தான் சாப்பிடப் போனோம்.

மீதி எல்லாம் கழற்றியதைத் திருப்பிப் போடுவதுதான். கிராங்க் புல்லிக்குப் புது போல்ட் போட்டு, மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்கி, அதற்கு மேல் எத்தனை டிகிரி என்று சொல்கிறதோ அத்தனை டிகிரி திருப்ப வேண்டும். இந்த மாதிரி போல்ட் இறுக்கும்போது லேசாக நீளும், அதனால்தான் பழையதைத் திரும்பப் போடக் கூடாது. இங்கேயும் பின்கள் வெளியே, மச்சான் கால் பிரேக்கில்.

கூலன்ட்டுக்கு வருவோம். எங்கள் மடிப்பாக்கம் பக்கம் போர் தண்ணீரில் குழாயே வெள்ளையாக உப்புப் பூத்துவிடுகிறது, அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளேயும் அப்படித்தான் பூக்கும். மெட்ரோ வாட்டர், ஆர்.ஓ. தண்ணீர் என்று சமாதானம் தேடாமல் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள். ஊற்றிய பிறகு உள்ளே சிக்கிய காற்று வெளியேற வேண்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஓடி நிற்கும்வரை இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஆறிய பிறகு மட்டத்தைப் பார்த்து நிரப்பினோம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

டீசல் குழாய் எதையும் பிரிக்காததால் ஸ்டார்ட் செய்ய ஏர் எடுக்கும் வேலை கிடையாது, சாவியைத் திருப்பியதும் வண்டி எழுந்துவிட்டது. முதல் சில நிமிடம் கவர் பக்கம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஊளையிடுகிற மாதிரி மெல்லிய சத்தம் வந்தால் இறுக்கம் அதிகம், கவரில் தட்டுகிற மாதிரி வந்தால் தளர்வு. இரண்டுக்கும் உடனே நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். எங்களுடையதில் இரண்டும் இல்லை. சில நாள் காலையில் கூலன்ட் மட்டத்தையும் வண்டிக்கு அடியில் தரையையும் பார்த்துக்கொண்டேன், பம்ப் கேஸ்கெட் கசிந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாக்கெட் செட்டை இதுவரை கையில் எடுக்காதவர்கள் இந்த வேலையில் தொடங்கக் கூடாது. பிரேக் பேட், ஆல்டர்னேட்டர் பெல்ட், மவுண்டிங் என்று கை பழகிய பிறகு வாருங்கள். வீட்டில் செய்ய இடமோ நேரமோ இல்லாவிட்டால் கிட்டை நீங்களே வாங்கிக் கொடுத்து, லாக் பின் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். கையால் சுற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.

மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி டைமிங் கவர் மேலேயே ஒட்டிவிடுங்கள், பில்லை ஆர்.சி. கவரில் வையுங்கள். செகண்ட் ஹேண்ட் ஃபிகோ டீசலோ ஈகோஸ்போர்ட் டீசலோ பார்க்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் காகிதம் அந்த பில்தான். ‘மாத்தியாச்சு சார்’ என்று வாயால் சொன்னால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, கிட்டின் விலையையும் கூலியையும் பேரத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். வண்டி கைக்கு வந்ததும் சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் கொஞ்சம் பொறுக்கட்டும், பெல்ட்டை முதலில் மாற்றுங்கள்.